காலியாகக் கிடக்கும் வீட்டுக்குச் சாமான் போட்டு வாடகைக்கு விடலாமா? குறைந்த செலவில் எது போதும்?

காலிவீடு எழுதியது:

வணக்கம். எனக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது, இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. ஆறு வருடம் ஒரே குடும்பம் இருந்தது, அவர்கள் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து மூன்று மாதமாகப் பூட்டியே கிடக்கிறது. வந்து பார்த்தவர்கள் பதினோரு பேர். அதில் ஏழெட்டுப் பேர் கேட்ட முதல் கேள்வியே "கட்டில், பீரோ எதுவும் இல்லையா?" என்பதுதான். ஒருவர் புது வேலையில் சேர்ந்த கையோடு ஒரே ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்திருந்தார், ஹாலின் நடுவில் நின்று நாலு சுவரையும் பார்த்துவிட்டு "இதில் நான் எங்கே சார் உட்காருவது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புரோக்கர் என்ன சொல்கிறார் என்றால், முழுக்கச் சாமான் போட்டுவிடுங்கள், வாடகையை முப்பது சதவீதம் ஏற்றிக் கேட்கலாம் என்கிறார். கையில் பெரிய தொகை கிடையாது. ஆறு மாத வாடகை அளவுக்குத்தான் செலவு செய்ய முடியும், அதற்கு மேல் என்றால் கடன் வாங்க வேண்டும், அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் போட்டு வைத்திருக்கும் பட்டியல்: சோபா செட், ஆறு நாற்காலியோடு சாப்பாட்டு மேசை, இரண்டு கட்டில் மெத்தையோடு, இரண்டு பீரோ, டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், திரைச்சீலை, பாத்திரம். இதில் சிலதை எங்கள் வீட்டிலிருந்தே கொண்டு போய்ப் போட்டால் செலவு குறையும் என்று ஒரு எண்ணம். பழைய மூன்று பேர் சோபா ஒன்று இருக்கிறது, கண்ணாடி போட்ட டீப்பாய் ஒன்று, அப்புறம் அம்மாவின் இரும்பு பீரோ. மிச்சத்தை செகண்ட் ஹேண்டிலோ, நாமே பூட்டிக்கொள்ளும் மலிவு ரகத்திலோ வாங்கலாமா? எதற்குப் பணம் போடுவது, எதை விட்டுவிடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மூணுசாவி எழுதியது:

முதலில் பேனாவை எடுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.

புரோக்கர் சொல்லும் முப்பது சதவீதம் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். இப்போதைய மாத வாடகை 10 என்றால் சாமான் போட்ட பிறகு 13. காலி வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தால் வருடம் பூராவும் இருக்கும், 12 மாதத்துக்கு 120. சாமான் போட்ட வீட்டுக்கு யார் வருகிறார்கள்? நீங்களே சொன்ன அந்தப் பெட்டிக்காரர். பெட்டியோடு வருகிறவருக்குப் பெட்டியோடு கிளம்புவதும் சுலபம், லாரி பிடிக்க வேண்டாம், ஆள் கூப்பிட வேண்டாம். அதனால் வருடத்துக்கு ஒரு மாதமாவது வீடு காலியாக நிற்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். 11 மாதம், மாதம் 13, ஆக 143. காலி வீட்டைவிட 23 கூடுதல். நீங்கள் போடப்போவது 60, அது திரும்பி வர இரண்டு வருடம் ஏழு மாதம். இரண்டு மாதம் காலியாக நின்றால்? 130 தான் வரும், கூடுதல் வெறும் 10, போட்ட பணத்தை எடுக்க ஆறு வருடம். அதற்குள் மெத்தையின் கதையும் முடிந்திருக்கும், நீங்கள் இன்னொரு மெத்தைக்குப் பணம் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

இதில் ஒரு கோணலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் காலி வீடு ஏற்கெனவே மூன்று மாதம் நின்றுவிட்டது, அதாவது 30 போய்விட்டது, நீங்கள் ஒதுக்கியிருக்கும் தொகையில் பாதி. அதனால் சாமானே போடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முழுக்கப் போடாதீர்கள் என்கிறேன்.

எனக்கு மூன்று வீடு. மூன்றிலும் நான் பின்பற்றுவது, சுவரோடு நிற்பவை முதலில். துணி அலமாரி, சமையலறை அடுக்கு, திரைச்சீலைக் கம்பி, விளக்கு, ஃபேன், ஆளுயரக் கண்ணாடி ஒன்று, கதவுக்குப் பின்னால் கொக்கி. குடிவருகிறவர் இதையெல்லாம் தானாக வாங்கிச் சுமந்துகொண்டு வரவே மாட்டார், வாங்கினாலும் போகும்போது கழற்றினால் உங்கள் சுவர்தான் போகும். ஆணி அடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிற வீட்டுக்காரர்தான் கொக்கி போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எப்படியும் அடிப்பார்கள், நீங்கள் பார்க்காத இடமாகப் பார்த்து அடிப்பார்கள். அடுத்து ஒரு படுக்கையறைக்கு மட்டும் கட்டிலும் மெத்தையும், ஒரு சின்ன மேசை, நாலு நாற்காலி, பிரிட்ஜ். அவ்வளவுதான். டிவி வேண்டாம், வாங்கிய மறுநாளே பழசாகிற சாமான் அது, பாதிப் பேர் கையில் இருக்கும் போனில்தான் பார்க்கிறார்கள். வாஷிங் மெஷினும் வேண்டாம் என்பது என் கட்சி, ரிப்பேர் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வருவது அதற்காகத்தான்.

இரண்டாவது அறையைச் சும்மா விடுங்கள். பெருக்கித் துடைத்து, ஒரு நல்ல விளக்கு மட்டும் போட்டு விடுங்கள். கையில் இருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துக்கொண்டு, ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கும்போது "இந்த அறைக்குக் கட்டில் வேண்டுமா, எழுத மேசை வேண்டுமா?" என்று கேளுங்கள். யாருக்கென்று தெரியாமல் சாமான் வாங்குவது, அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி. போன முறை என் வீட்டுக்கு வந்தவர் இரண்டுமே வேண்டாம், தன்னிடம் சைக்கிள் இருக்கிறது, அதை நிறுத்த இடம் போதும் என்றார். ஒரு கட்டில் மிச்சம்.

அம்மாவின் பீரோ வேண்டவே வேண்டாம். அதில் ஒரு கீறல் விழுந்தால் உங்களுக்கு வரும் கோபத்துக்கு எந்த அக்ரிமெண்ட்டிலும் இடம் கிடையாது. பிரிய மனமில்லாத எதையும் வாடகை வீட்டில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, அளவு. என் முதல் வீட்டுக்கு ஒரு சோபா வாங்கினேன், கடையில் பார்த்தால் அழகாக இருந்தது, மாடிப்படி திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை. இரண்டு பேர் அதைத் தலையில் தாங்கிக்கொண்டு நிற்க, நான் கீழே உட்கார்ந்து ரம்பத்தால் காலை அறுத்தேன். சோபாவின் காலை. வீட்டுக் கதவு, படுக்கையறைக் கதவு, படியின் திருப்பம், லிஃப்ட் இருந்தால் அதன் உள்ளளவு, நாலையும் அளந்து ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வையுங்கள்.


பெட்டிபடுக்கை எழுதியது:

நான் எதிர்ப்பக்கம். ஒன்பது வருடத்தில் ஐந்து வீடு, எல்லாமே சாமானோடு எடுத்தவை. மூணுசாவி சார் சொன்னதில் முக்கால்வாசி சரி, வாஷிங் மெஷின் விஷயத்தில் மட்டும் சண்டைக்கு வருகிறேன். தனியாக வேலைக்குப் போகிறவர்கள் வாடகை ஐந்து சதவீதம் கூடினாலும் மெஷின் இருக்கிற வீட்டைத்தான் எடுப்போம். கட்டில் இல்லாமல் மெத்தையைத் தரையில் போட்டு ஆறு மாதம் ஓட்டியிருக்கிறேன், வாஷிங் மெஷின் இல்லாமல் ஓட்டிய நாலு மாதத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாளியோடு போனது. சாருக்கு ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது என்றால் எங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே கிடையாது!

வீடு பார்க்கப் போகும்போது நாங்கள் எதைப் பார்க்கிறோம் தெரியுமா? மெத்தையை. பார்க்காத மாதிரி நின்றுகொண்டு விரிப்பின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்ப்போம். கறை தெரிந்தால் அந்த வீடு அவ்வளவுதான், சோபா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. ஆகவே மெத்தை புதிதாக இருக்கட்டும், அதற்குமேல் தண்ணீர் இறங்காத, ஜிப் வைத்த உறை ஒன்று முழுசாகப் போடுங்கள். ஆள் மாறும்போது உறையை மட்டும் மாற்றினால் போதும். கட்டில் சத்தம் போடக் கூடாது. புரண்டு படுத்தால் கிறீச் என்று கத்துகிற கட்டிலில் பதினான்கு மாதம் தூங்கியிருக்கிறேன், சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் நாளிதழை மடித்துச் செருகித்தான் சமாளித்தேன். வாங்குவதற்கு முன் ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பாருங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

திரைச்சீலை. ஜன்னல் அகலத்துக்குச் சரியாகத் துணி வெட்டித் தொங்க விடும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள், மூடினால் துணி தட்டையாகத் தொங்கி இரண்டு பக்கமும் வெளிச்சக் கோடு விழுகிறது, காலை ஆறு மணிக்கு அது நேராகக் கண்ணில் அடிக்கிறது. கம்பியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது துணி வேண்டும், இரண்டு மடங்கு என்றால் நல்லது. கம்பி ஜன்னலைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் நீளட்டும். துணி மலிவாக இருந்தாலும் இப்படிப் போட்டால் அறையே நன்றாகத் தெரியும்.

மேசை நாற்காலியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஆனால் நாங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறோம். மேசை உயரம் 75 சென்டிமீட்டர், நாற்காலியில் உட்காரும் இடம் 45, இரண்டுக்கும் நடுவில் 30 இருக்க வேண்டும். ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசை அழகு பார்த்து வாங்கியது, 80க்கு மேல் இருந்தது, நாற்காலி தாழ்வு, தோள்பட்டை வலியோடுதான் அங்கிருந்து கிளம்பினேன். மேசைக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கட்டில் தலைமாட்டிலும் ஒன்று. எலக்ட்ரீஷியனை ஒரு நாள் கூப்பிட்டு இதைச் செய்தால் சோபா செட்டைவிட அதிக உபயோகம், செலவும் அதன் பக்கத்தில் வராது.

போடக் கூடாதவை: பாத்திரம் (அடுத்தவர் புழங்கிய பாத்திரத்தை யாரும் எடுப்பதில்லை, நாலு தட்டு நாலு டம்ளர் புதிதாக வைத்தால் வந்த முதல் நாளைக்கு ஆகும்), பிளாஸ்டிக் பூ, சாமி படமோ குடும்பப் படமோ எதுவும், அப்புறம் உங்கள் பொம்மைகள் நிறைந்த ஷோகேஸ். ஒரு வீட்டில் பரண் முழுக்க வீட்டுக்காரருடைய மூட்டைகள், "அது பாட்டுக்கு ஓரமாக இருக்கும்மா" என்றார். அது பாட்டுக்கு இருக்கவில்லை, மாதம் ஒரு முறை எதையாவது எடுக்க வந்துகொண்டிருந்தார்.


இழைப்புளி எழுதியது:

தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன், வாடகை வீட்டுச் சாமான் நிறையவே ரிப்பேருக்கு வரும். எது எங்கே உடைகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நாமே பூட்டிக்கொள்ளும் மலிவு ரகம் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரச் சில்லையும் தூளையும் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை. மேலே பளபளவென்று தாள் ஒட்டியிருக்கும், அது தண்ணீரைத் தடுக்கும். ஆனால் வெட்டின விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறிவிடும், ஏறினால் ஊதும், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஒரு பீரோ கொண்டு வந்தார்கள், மேலே ஒரு கீறல்கூட இல்லை, அடிப்பலகை மட்டும் ஊறிய ரொட்டி மாதிரி உப்பி விரல் வைத்தால் உதிர்ந்தது. தினமும் வீடு துடைத்த தண்ணீர், அவ்வளவுதான். ஆகவே அந்த ரகத்தை வாங்கினால் தரையில் நேராக உட்காரும்படி வைக்காதீர்கள், நாலு அங்குலக் கால் வைத்துத் தூக்குங்கள், விளிம்பெல்லாம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று அடிப்பக்கமும் குனிந்து பாருங்கள். முன்பக்கம் மட்டும் ஒட்டியிருப்பார்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழேயும் குளியலறைச் சுவரை ஒட்டியும் அந்தப் பலகை கூடவே கூடாது, அங்கே பிளைவுட், இல்லாவிட்டால் இரும்பு.

இரண்டாவது, அந்தப் பலகையில் ஸ்குரூ ஒரு தரம்தான் பிடிக்கும். கழற்றி வேறு வீட்டில் பூட்டினால் ஓட்டை பெரிதாகி ஆட்டம் காணும். வாடகை வீட்டில் சாமானை இடம் மாற்றாமல் இருக்க மாட்டார்கள். கீல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் ஓட்டையில் பசை தடவி மரக்குச்சியை இறுக்கி அடித்து, காய்ந்த பின் புதிதாகத் துளை போட்டுத் திருகுங்கள், இன்னும் ஒரு வருடம் தாங்கும்.

அலமாரித் தட்டு. மூன்றடி நீளத் தட்டை நடுவில் தாங்கல் இல்லாமல் போடுகிறார்கள், ஆறு மாதத்தில் சிரிக்கும். நீளம் இரண்டு மடங்கானால் அதே எடைக்குத் தட்டு எட்டு மடங்கு தொய்யும், இது கணக்கு. 18 மில்லிமீட்டர் பலகை என்றால் இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கொடுத்துவிடுங்கள். துணி தொங்கவிடும் அலமாரிக்கு உள்ளே 60 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும், ஹேங்கர் 45 இருக்கும், அதில் சட்டை போட்டால் தோள் கொஞ்சம் வெளியே வரும். ஆழத்தைக் குறைத்து மலிவாகச் செய்த பீரோக்களில் கதவு சட்டையைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சோபா வேண்டும் என்றால் துணியைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் ஃபோமின் அடர்த்தியைக் கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். உட்காரும் இடத்துக்கு 32க்குக் கீழே போகாதீர்கள், 40 என்றால் நிம்மதி. கையால் அழுத்தி "கெட்டியாக இருக்கிறதே" என்று வாங்குகிறார்கள், கெட்டித்தனம் வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி குறைந்த ஃபோமைக்கூடக் கெட்டியாகச் செய்ய முடியும், அது ஒரு வருடத்தில் குழியாகிவிடும். மெத்தைக்கும் இதே பேச்சுதான். உறை கழற்றித் துவைக்கிற மாதிரி ஜிப் வைத்ததாக இருக்கட்டும். என்னைக் கேட்டால் ஒரு இரண்டு பேர் சோபா போதும், அதுகூட மரக்கை வைத்து, மெத்தென்ற பகுதி மட்டும் தனித்தனியாக எடுக்கிற மாதிரி. ஒரு திண்டு போனால் ஒரு திண்டு மாற்றலாம்.

கட்டில் அளவு கடையில் மெத்தையும் விரிப்பும் எளிதாகக் கிடைக்கிற அளவாக இருக்கட்டும். அறைக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று யாரோ ஒரு வித்தியாசமான அளவில் செய்து வைத்தார், இப்போது ஒவ்வொரு தடவையும் மெத்தையைச் சொல்லிச் செய்ய வேண்டியிருக்கிறது. ஃபோம் மெத்தைக்குக் கீழே குறுக்குப் பலகைகளின் இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் மெத்தை அந்தச் சந்துக்குள் இறங்கும்.

உயரமான அலமாரி எதுவானாலும் மேல்பக்கம் சுவரோடு எல் ஆங்கிள் வைத்துத் திருகிவிடுங்கள். குழந்தை இழுப்பறையை வெளியே இழுத்து அதில் ஏறினால் முழு அலமாரியும் மேலே சாயும். இது செலவே இல்லாத வேலை, யாரும் செய்வதில்லை.


காலிவீடு எழுதியது:

ஐயோ, ஒரே நாளில் இவ்வளவு! நன்றி. சோபா செட், டிவி, பாத்திரம், ஷோகேஸ் (ஆமாம், அதுவும் மனதில் இருந்தது) எல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அம்மாவின் பீரோவும் இங்கேயே இருக்கட்டும். ஆனால் செகண்ட் ஹேண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே? பக்கத்தில் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார், கட்டில், மெத்தை, மேசை, பிரிட்ஜ் எல்லாம் சேர்த்து மிகக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார்.


இழைப்புளி எழுதியது:

மரமும் இரும்பும் பழசு வாங்கலாம், பஞ்சும் ஃபோமும் கூடாது. அவ்வளவுதான் விதி.

கெட்டி மரத்தில் செய்த மேசையை இழைத்து, உப்புத்தாள் போட்டு, ஒரு கை வார்னிஷ் அடித்தால் புதுசு தோற்றுப்போகும். பத்து வருடம் ஓடிய மேசை ஆடாமல் நிற்கிறது என்றால் அதுவே அதற்கு நற்சான்று. மெத்தையைத் தொடாதீர்கள், சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி சாப்பாடே இல்லாமல் பல மாதம் கிடக்கும். மெத்தையின் தையல் ஓரத்தில் பேனா மை சிந்தின மாதிரி சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது அதன் கழிவு. கட்டிலையும் சும்மா வாங்கிவிடாதீர்கள், கழற்றச் சொல்லி, ஸ்குரூ ஓட்டையிலும் பலகைச் சந்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள், பகலில் அங்கேதான் ஒளிந்திருக்கும். வெயிலில் ஒரு நாள் வைத்தால் செத்துவிடும் என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம், உள்ளே வரைக்கும் 50 டிகிரி சூடு ஏறி நின்றால்தான் சாகும், வெயிலில் வைத்த கட்டிலில் அது நிழல் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பூச்சி உள்ளே வந்துவிட்டால் நீங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் மருந்தடிப்பவருக்குத்தான்.


மூணுசாவி எழுதியது:

பிரிட்ஜ் வாங்கலாம், அது அங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பாருங்கள், துடைத்துக் கழற்றி வைத்த பிறகு போகாதீர்கள். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நாலு பக்கமும் பிடித்து நிற்க வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போயிற்று. கொண்டு வரும்போது நிமிர்த்தியே கொண்டு வரச் சொல்லுங்கள். படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தால் உடனே சுவிட்ச் போடாமல் சில மணி நேரம் நிற்க விடுங்கள், கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும், அது திரும்பி இறங்க வேண்டும்.

வண்டிக் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது செகண்ட் ஹேண்ட் சாமானுக்கென்றே சொன்னதோ என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

கண்ணாடி டீப்பாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேண்டாம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் யாராவது ஒருவர் அதன்மேல் உட்காருவார்.

வாஷிங் மெஷின் விஷயத்தில் பெட்டிபடுக்கை சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அரை மனதாக. வாங்குவதானால் பட்டன் குறைந்ததாக வாங்குங்கள்.


வரவுசெலவு எழுதியது:

சாமான் எல்லாம் வந்து சேர்ந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, சாவி கொடுப்பதற்கு முன்னால், ஒரு பட்டியல். "கட்டில் 1, நாற்காலி 4" என்று எழுதினால் அது பட்டியல் இல்லை. "மரக் கட்டில் 1, வலது பின்காலில் ஒரு அங்குலக் கீறல், மெத்தை புதியது, உறையோடு" என்று எழுதினால்தான் பின்னால் பேச முடியும். பிரிட்ஜ், மெஷின் இரண்டுக்கும் சீரியல் நம்பர். ஒவ்வொரு அறையையும் நாலு மூலையிலிருந்தும் படம், இழுப்பறைகளைத் திறந்து ஒரு படம், மெத்தையின் இரண்டு பக்கமும் ஒரு படம், எல்லாம் தேதியோடு. பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். அப்புறம் குடிவந்தவருக்கு ஒரு வாரம் கொடுங்கள், உங்கள் கண்ணில் படாத குறை ஏதாவது இருந்தால் அவர் எழுதிச் சேர்க்கட்டும். இதைச் செய்தால் அவருக்கும் உங்கள்மேல் ஒரு நம்பிக்கை வரும்.

சண்டை வருகிற இடம் ஒன்றுதான், தேய்மானம் எது, சேதம் எது என்பது. நாற்காலித் துணி வெளுப்பது தேய்மானம், அது உங்கள் செலவு. அதில் சூட்டுத் தழும்பு விழுந்தால் சேதம். அப்போதும் புது நாற்காலியின் முழு விலையைப் பிடிக்க நினைக்காதீர்கள். ஐந்து வருடம் உழைக்கும் என்று நினைத்து வாங்கிய சாமான் மூன்று வருடம் உழைத்த பிறகு உடைந்தால், கேட்க நியாயமுள்ளது மிச்ச இரண்டு வருடத்துக்கு மட்டும்தான், ஐந்தில் இரண்டு பங்கு. இந்த முறையை அக்ரிமெண்ட்டில் முதலிலேயே எழுதிவிட்டால் காலி செய்யும் நாளில் குரல் உயராது. மெஷின் ரிப்பேர் யார் பொறுப்பு என்பதையும் ஒரு வரி. அட்வான்ஸில் என்னென்ன பிடிக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் தனிச் சட்டம் உண்டு, அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். வாரண்டிக்கு ஆகும், வருமான வரிக் கணக்குப் போடும்போதும் கேட்பார்கள். மூணுசாவி கணக்கில் விட்டுப்போனது ஒன்று, அடுத்தடுத்த வருடங்களில் மாற்றும் செலவு. அந்தக் கூடுதல் 3 முழுவதையும் லாபமாக எண்ணாமல், அதில் 1ஐ மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். மெத்தை மாற்றும் வருடத்தில் கை கடிக்காது.


காலிவீடு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

வாங்கியவை: ஒரு கட்டில் (பழசு, மரம், கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன், விற்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்), புது மெத்தை, உறை, பிளைவுட்டில் ஒரு அலமாரி காலோடு, மேசை பழசு, நாற்காலி நாலு, பிரிட்ஜ் பழசு, வாஷிங் மெஷின் புதுசு. திரைச்சீலை இரண்டு மடங்குத் துணியில். கட்டில் தலைமாட்டிலும் மேசைக்குப் பக்கத்திலும் பிளக் பாயிண்ட். மொத்தம் மூன்றே முக்கால் மாத வாடகைக்குள் முடிந்துவிட்டது, இரண்டாவது அறை காலி. மேசையை இழைக்கக் கொடுத்தேன், தூக்கிக்கொண்டு வந்தபோது என் மனைவி "இதை நம் வீட்டுக்கே வைத்துக்கொள்ளலாமே" என்றாள். ஒரு நிமிடம் சபலம்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள். நேற்று சாயங்காலம் போய் மெஷினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், துணியைச் சுழற்றிப் பிழியும்போது மட்டும் பயங்கரமாகக் குதிக்கிறது, குளியலறை வாசல் வரை நடந்தே வந்துவிட்டது. இது இப்படித்தானா, இல்லை கடைக்காரர் ஏதாவது தலையில் கட்டிவிட்டாரா?


மூணுசாவி எழுதியது:

முன்பக்கம் கதவு வைத்ததா? பின்னால் மூன்று நாலு நீளமான போல்ட் இருக்கும், வண்டியில் வரும்போது உள்ளே இருக்கும் உருளை ஆடாமல் பிடிப்பதற்கு. கழற்றினீர்களா?


காலிவீடு எழுதியது:

இல்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இப்போதே போகிறேன்.


மூணுசாவி எழுதியது:

கழற்றிய போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில் கவருக்குள் போட்டு வையுங்கள், மெஷினை வேறு வீட்டுக்கு மாற்றும்போது தேடுவீர்கள்.